இடது காலுக்குச் சொல்லாத சேதி

அத்தான் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து மோட்டார் சைக்கிள் சீட்டில் விழுந்த பள்ளத்துக்கு மெக்கானிக் முக்கால் போட்ட விலை பன்னிரண்டாயிரம்.

"பள்ளத்துக்கா?" என்றார் வண்டி வாங்க வந்த பல் டாக்டர்.

"பள்ளத்துக்குத்தான் சார். புதுத் தோலு கடைக்குக் கடை தொங்குது. ஒரே ஆளு, ஒரே இடத்துல, இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த பள்ளம் எந்தக் கடையில தொங்குது, சொல்லுங்க பாப்போம்."

பல் டாக்டர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பல்லில் விழுந்த பள்ளத்தை அடைத்தே மூன்று மாடி கட்டியவருக்குப் பள்ளத்தின் மதிப்பு தெரியாதா என்ன. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சோதனை நிலையம் சான்று கொடுக்க வேண்டும். சான்று கைக்கு வந்த அன்றே முழுப் பணம். காட்சிப் பொருளாக நிறுத்திவைக்க அவருக்கு வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறாராம், மாமனார்.

முக்கால் என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிப் பழுது பார்த்து விற்பது தொழில். விற்க வருகிறவர் என்ன விலை சொன்னாலும், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "முக்கால் தர்றேன்" என்பான். மனிதர்கள் சொல்லும் எல்லா விலையிலும் கால் பங்கு ஆசை என்பது அவன் கட்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரசீதுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. கோபம் வந்தால் கூடப் பிறந்த அக்காவே "டேய் முக்கால்" என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த வண்டிக்கு மட்டும் அவன் முக்கால் கேட்கவில்லை. இது அக்காவின் வண்டி. அதாவது அத்தானின் வண்டி. ஐம்பத்தெட்டாம் வருஷத்து மாடல், ஒற்றை சிலிண்டர், கறுப்பு டாங்கியில் கையால் இழுத்த தங்கக் கோடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைக் காலையில், பாலத்தை ஒட்டிய வளைவில் அத்தான் இந்த வண்டியில் போய்ச் செத்தார்.

அதில் மூன்று சாட்சி இருந்தது. ரோட்டில் பிரேக் போட்ட தடம் ஒரு அங்குலம்கூட இல்லை என்று எழுதியது போலீஸ். பின்னால் வந்த பால் வண்டிக்காரர், பிரேக் போட்டால் எரியும் சிவப்பு விளக்கு கடைசி வரை எரியவே இல்லை என்றார். விழுந்து கிடந்த வண்டி, வளைவில் யாரும் போடாத டாப் கியரில் இருந்தது. குறுக்கே வந்த தள்ளுவண்டியைப் பார்த்தும் நிறுத்த நினைக்காத மனிதன் என்று மூன்றையும் கூட்டிப் படித்தால் வரும்.

அக்கா அப்படித்தான் படித்தாள். அவள் படிப்பதற்குக் காரணமும் இருந்தது. அன்று காலை வாசலில் நின்று அவள் சொன்ன சொல்: "அந்த வண்டிய வித்துட்டு வாங்க. இல்லாட்டி இந்த வீட்டுக்கு வராதீங்க." மகள் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய மாசம் அது. எல்லாம் முடிந்த பிறகு தம்பியிடம் ஒரே ஒரு தடவை, காய்கறி விலை சொல்வதுபோல், "வராதீங்கன்னு சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு பாத்தியா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உடம்பு மட்டும் கரைந்துகொண்டு வந்தது. யாராவது கதவைத் தட்டினால், தட்டி முடித்து வெகு நேரம் கழித்துத்தான் எழுந்து போவாள்.

அத்தான் பிரேக் போட்டார் என்பது முக்காலுக்குத் தெரியும். உலகத்திலேயே அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைக்கு ரோட்டில் ஓடும் வண்டிகள் அத்தனையும் இதற்கு நேர் எதிர். பழைய வண்டிக்காரர்களுக்கு அதில் ஒரு கர்வம். "எங்க வண்டிய திருடவும் படிச்சிருக்கணும்" என்பார் அத்தான். ஆனால் வாங்க வருகிறவனுக்கு அது பயம். விபத்து நடந்த வாரம், முக்கால் கடைக்குப் பணக்கார ஆள் ஒருவர் வந்தார். அத்தானின் வண்டி அப்போது சர்வீசுக்காகக் கடையில் நின்றது. பார்த்ததும் மயங்கி, "ஓட்டிப் பாக்கலாமா, ஆனா இந்தப் பக்கம் பிரேக் எனக்கு வராதே" என்றார்.

முக்கால் ஒரு நாள் வேலையில் பக்கத்தை மாற்றினான். குறுக்கே ஒரு கம்பி கொடுத்து, கியரை இடது காலுக்கும் பிரேக்கை வலது காலுக்கும் கொண்டுவந்தான். அத்தானிடம் கேட்கவில்லை. நல்ல விலையைக் காதில் கேட்டால் மனசு மாறாத மனிதன் பிறக்கவில்லை என்று நினைத்தான். அது போதாதென்று அக்காவுக்கும் போன் போட்டு, "இது என்ன விலை போகும் தெரியுமாக்கா?" என்று ஒரு தொகையைச் சொல்லிவைத்தான். ஒரு தொழிலுக்கு இரண்டு பக்கமும் நெருப்பு வைத்தால் சீக்கிரம் வேகும் என்பது கடைத்தெருவில் கற்ற பாடம். பணக்கார ஆள் ஓட்டிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான்.

அத்தான் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வண்டியை எடுக்க வந்துவிட்டார்.

"அத்தான், பக்கம் மாத்தி வச்சிருக்கேன். பிரேக் வலது கால்ல இருக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டாங்க, பழையபடி மாத்தித் தர்றேன்."

அத்தான் குனிந்து பார்த்தார். ஒரு பார்வையிலேயே கதை முழுக்கப் புரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியாம வித்துட்டியா மாப்ள?"

"இல்ல அத்தான். பாத்துட்டுப் போன ஆளு திரும்பி வரல."

"நல்லவேளை. உங்க அக்காகிட்ட மூச்சு விடாத, உன்னை வகுந்துருவா." சிரித்துக்கொண்டே உதைத்துக் கிளப்பிப் போனார்.

அவரும் மூச்சு விடவில்லை. மச்சினனைக் காப்பாற்றினார். மூன்று நாள் ஓட்டினார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஞாபகம் வைத்திருந்திருப்பார். யோசிக்க நேரம் இருக்கும்போது கால் தலையைக் கேட்கும். அவசரத்தில் கேட்காது. முக்கால் சேதியை அத்தானின் காதுக்குச் சொன்னான். இருபத்திரண்டு வருஷம் பழகிய இடது காலுக்கு யார் சொன்னது? மழையில் கைப் பிரேக்கைத் தொடக் கூடாது என்பது பழைய ஆட்களின் வேதம். தள்ளுவண்டி குறுக்கே வந்ததும் இடது கால் இறங்கியது. அங்கே இருந்தது கியர். அழுத்தினால் ஒரு கியர் ஏறும்.

இதை அக்காவிடம் சொல்ல முக்கால் இரண்டு வருஷமாக நாள் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் அவள் தேறட்டும் என்றான். பிறகு மகள் பரீட்சை முடியட்டும் என்றான். கடனைத் தள்ளிப்போட்டால் வட்டிதான் ஏறும், உண்மையைத் தள்ளிப்போட்டால் அசலே ஏறிக்கொண்டு போகிறது. வாரம் தவறாமல் அவள் வீட்டுக்குப் போனான். பல்பு மாற்றிக் கொடுத்தான். குழாய்க்கு வாஷர் போட்டான். அவள் கரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

இப்போது மகளுக்குக் கடைசி வருஷப் பணம் கட்ட வேண்டும். "அதைத் தள்ளிவிட்டுடுடா, என் கண்ணுல காட்டாம" என்றாள் அக்கா. அவனும் தள்ளிவிட்டால் தீரும் என்றுதான் நினைத்தான். நசுங்கியதை நிமிர்த்தி, வர்ணம் தொட்டு, இஞ்சினைத் திறந்து மூடினான். பக்கம் மாற்றிய குறுக்குக் கம்பியைக் கழற்ற மட்டும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மூன்று தடவை குனிந்தான், மூன்று தடவையும் கை வரவில்லை. வாங்குகிறவருக்கும் இந்தப் பக்கம்தான் பழக்கம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, ஸ்பேனரைத் துடைத்து வைத்தான்.

முதல் சோதனைக்குத் தள்ளிக்கொண்டு போனபோதே வண்டி கனத்தது. நூற்றெழுபது கிலோ வண்டியைத் தள்ளத் தெரியாதவன் இல்லை அவன். ஆனால் இது ஆள் ஏறி உட்கார்ந்திருக்கும் வண்டியைத் தள்ளுவதுபோல் இருந்தது. டயரில் காற்று குறைவு என்று முடிவு செய்தான். காற்று சரியாகத்தான் இருந்தது.

சோதனை அதிகாரி ஐம்பதைத் தாண்டிய அம்மாள். வண்டிக்காரர்கள் வைத்த பெயர் சிவப்பு மை. சிரிக்காமல் நக்கல் பேசுவாள், லஞ்சம் வாங்க மாட்டாள். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் தாங்குவது கஷ்டம். சோதனைத் தாளில் இருபத்திரண்டு அம்சம். வண்டியைக் கொண்டுவருபவர் என்ற கட்டத்தில் அவன் பெயரையும், உறவு என்ற கட்டத்தில் 'தம்பி' என்றும் எழுதிக்கொண்டாள். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹாண்டிலை அசைத்தாள்.

"கோன் செட் ஆடுது. பல்லு விழப்போற கிழவன் மாதிரி."

"வயசான வண்டி மேடம்."

"வயசுக்கு நான் மரியாதை கொடுப்பேன். மார்க் கொடுக்க மாட்டேன்."

பின் சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரு பேனாவால் தட்டிக்கொண்டே போனாள். இரண்டு கம்பி மட்டும் செத்த சத்தம் கொடுத்தது. டயரின் பட்டன் மேடுகள் தேயவே இல்லை, ஆனால் ஓரத்தில் ரப்பர் வெடித்திருந்தது. "ஓடித் தேயல, நின்னு செத்திருக்கு. பழைய வண்டியில பாதி இப்படித்தான் வருது, ஆளுங்க பட்டனைப் பாத்து ஏமாந்துடறாங்க." ஃபோர்க்கில் எண்ணெய் கசிவு. ஹாரன் இருமியது. ஹெட்லைட் ரோட்டைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தது. கைப் பிரேக் கேபிள் பிரிந்து முள்ளாக நின்றது. மொத்தம் ஏழு குறை. ஏழும் இந்த வயசு வண்டிக்கு எழுதிவைத்த குறைகள்தான். முக்காலுக்கு மனசு லேசானது. ஸ்பேனருக்கு அடங்கும் குறையெல்லாம் ஒரு குறையா?

பத்து நாளில் ஏழையும் முடித்துக்கொண்டு போனான். ஏழும் தேறின. எட்டாவதாக ஒன்று புதிதாக முளைத்தது. சிவப்பு மை வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பிரேக்கை விடு" என்றாள்.

"நான் மிதிக்கவே இல்லையே மேடம்."

"அப்ப இது யாரு மிதிக்கறது?"

அவன் இறங்கி வந்து பார்த்தான். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகல், கூரை போட்ட சோதனைக் கூடம், சிமெண்டுத் தரையில் கையகலத்துக்குச் சிவப்பு. அவன் வலது கால் பெடலைத் தூக்கிப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான். விளக்கு இமைக்கவில்லை.

கடைக்குக் கொண்டுவந்து ஸ்விட்சை மாற்றினான். எரிந்தது. ஸ்விட்சையே கழற்றி எறிந்தான். அப்போதும் எரிந்தது. வயர் எங்கேயோ உரசுகிறது என்று முன்னிருந்து பின்வரை புது வயர் இழுத்தான். சாயங்காலம் ஷட்டரை இறக்கப் போனவன் திரும்பிப் பார்த்தால், பின்சுவரில் சிவப்பாக ஒரு வட்டம். பேட்டரியைக் கழற்றியதும் அணைந்தது. அந்த மட்டுக்காவது நியாயம் இருக்கிறதே என்று ஒரு பீடா போடும் நேரம் நிம்மதியாக இருந்தான்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தான். இரண்டு வாரமாகத் தேய்ப்பு வேலை நடந்த கடை, எல்லாவற்றின் மேலும் உலோகத் தூள் படிந்திருந்தது. டாங்கியில், ஹாண்டிலில், மட்கார்டில், விரலால் பேர் எழுதலாம். சீட்டில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பூனை வந்து படுக்கிறது போல என்று நினைத்துக்கொண்டான். அந்தத் தெருவில் பூனை கிடையாது.

மூன்றாவது தடவைக்கு உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்பது சட்டம். அக்காவிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஒரு வண்டிக்குச் சர்டிபிகேட் வாங்க மூணு தடவையா? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு" என்றாள். ஆனால் வந்தாள். சோதனைக் கூடத்தின் பெஞ்சில், வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கையில் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வீட்டில் காத்திருப்பதுபோல் இருந்தது.

அன்று விளக்கு எரியவில்லை. முக்கால் மூச்சு விட்டான். சிவப்பு மை இருபத்திரண்டையும் திரும்ப ஒரு சுற்று பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தாள். அப்போது எரிந்தது.

பேனாவை மூடினாள். "சரி, இதை நானே பாத்துடறேன்" என்று பழைய கோணி ஒன்றை விரித்து முட்டி போட்டாள். வயரைப் பிடித்துக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் வந்தாள். வலது பெடல் வரைக்கும் வந்து நின்றாள். அங்கிருந்து குறுக்கே போகும் கம்பியைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் போனாள். கோணி அங்கே இல்லாததால் வெறும் தரையிலேயே முட்டி போட்டாள்.

"முக்கால்."

"மேடம்."

"இந்த மாடலுக்குப் பிரேக் எந்தப் பக்கம்?"

அவன் டாங்கியில் இல்லாத அழுக்கைத் துடைத்தான்.

"ரெண்டு தடவை என் கண்ணுல படல பாரு. எல்லா வண்டியும் போல இருந்தா யாருக்குத்தான் கண்ணுல படும்? கோணலா இருந்தாத்தான் நாங்க பாப்போம். இந்த வண்டி நேரா இருந்ததே கோணல்." எழுந்து போய், இரும்பு அலமாரியில் தேடி ஒரு பழுப்புத் தாளைக் கொண்டுவந்தாள். வண்டி முதன்முதலில் பதிவான தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். கால் பிரேக், இடது.

"பதிவுல இல்லாத மாத்தம். இது தனிக் குறை. என்னைக்கு மாத்துனது, யார் மாத்துனது, உரிமையாளர் கையெழுத்து, மூணும் வேணும். என்னைக்கு?"

"போன மாசம்" என்றான் முக்கால். சொல் தானாக வந்தது. விலை சொல்வதுபோல் கூசாமல் வந்தது.

சிவப்பு மை எழுதிக்கொண்டு, தாளை அக்காவிடம் நீட்டினாள். அக்கா பேனாவை வாங்கினாள். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஜாதி இல்லை அவள். கடைக்கார வீட்டுப் பெண். ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"பிரேக்க மாத்துனியா? எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது கால்லக்கா."

"இப்ப?"

"வலது கால்ல."

அக்கா தாளைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் அத்தானை நினைத்துச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"அவரு சோபால உட்கார்ந்து டிவி பாப்பாரு தெரியுமா. அதுல ஏதாவது காரு வேகமா போனாப் போதும், இடது காலால தரைய அமுக்குவாரு. 'ஏங்க, அவன் ஓட்டறான், நீங்க எதுக்கு பிரேக் போடறீங்க'ம்பேன். பாயெல்லாம் அந்த ஒரு இடத்துல ஓட்டை." சிரிப்பு பாதியில் நின்றது. "டிவிக்காரனுக்கெல்லாம் போட்டாரு. தனக்குப் போடல."

பேனா தாளைத் தொட்டது.

"அக்கா, கையெழுத்துப் போடாத" என்றான் முக்கால். "மேடம், போன மாசம் இல்ல." ஒரு தேதியைச் சொன்னான்.

சிவப்பு மைக்கு அந்தத் தேதி வெறும் எண். அடித்துத் திருத்தினாள். அக்காவுக்கு அது எண் இல்லை. அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"அவரு போன அதே வாரமா?"

"ஆமாக்கா. விக்கறதுக்காக. அவருகிட்டயும் கேக்கல. வண்டிய எடுக்க வந்தப்போ சொன்னேன். ஞாயித்துக்கிழமை திருப்பி மாத்திடறேன்னு சொன்னேன்."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலியே அவரு."

"நீ என்னை வைவேன்னு."

கூடத்தின் அடுத்த பாதையில் யாரோ ஹாரனைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் அக்கா கேட்டாள்.

"அப்ப அவரு மிதிச்சாரா?"

"மிதிச்சாருக்கா."

"நீ பாத்தியா? சும்மா என்னைத் தேத்தறதுக்குச் சொல்லாத."

"வண்டி விழுந்தது வலப் பக்கம். இடப் பக்கத்துல ஒரு கீறல் கிடையாது. ஆனா இடது பக்கக் கியர் லீவர் மட்டும் வளைஞ்சு இஞ்சினோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அது விழுந்து வளைஞ்சதில்ல. மிதிச்சு வளைஞ்சது. விரல் மொத்த இரும்புக்கா. நிமிர்த்தறதுக்கே எனக்குச் சுத்தியல் வேண்டியிருந்துச்சு."

"நிமிர்த்திட்ட."

"நிமிர்த்திட்டேன்."

அக்கா முதல் தடவையாகத் திரும்பி வண்டியைப் பார்த்தாள். எழுந்து போனாள். இடது பக்கம் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த லீவரின் மேல் பாதத்தை வைத்தாள். அழுத்தினாள். பெண்பிள்ளை காலுக்கு அது கொஞ்சம்தான் இறங்கியது. வைத்த காலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"வரத்தான் பாத்திருக்காரு" என்றாள். "வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு."

சிவப்பு மை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கைக்குட்டை தேடுகிற ஆள் இல்லை அவள், இருந்தாலும் எதையோ தேடினாள்.

"தினமும் காலையில எந்திரிச்சதும், அன்னைக்கு வாசல்ல சொன்ன அந்த வாக்கியத்தை வேற மாதிரி சொல்லிப் பாப்பேன்டா" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் முக்கால் பிழைத்திருப்பான். "'வித்துட்டு வாங்க'ன்னு மட்டும் சொல்லிப் பாப்பேன். இல்ல, 'மழை வருது, பஸ்ல போங்க'ன்னு. ஒரு நாளு சும்மா 'சரி'ன்னு சொல்லிப் பாத்தேன். ரெண்டு வருஷம். நீ என் எதிர்லயே உட்கார்ந்து குழாய்க்கு வாஷர் மாட்டிக்கிட்டு இருந்த."

"அக்கா..."

"கூப்பிடாத."

அவள் பெஞ்சுக்கு வந்து, திருத்திய தேதிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"மேடம், இதைப் பழையபடி இடப் பக்கமே மாத்திட முடியுமா?"

"தாராளமா. மாத்திட்டா பதிவுப்படி சரியாயிடும். ஆனா வாங்கறவர் இந்தப் பக்கம்தான் கேப்பாரு."

"வாங்கறவர் யாரும் இல்ல. வேற மெக்கானிக் யாராவது இருக்காங்களா?"

சிவப்பு மை முக்காலைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் இருக்காரு. மெதுவா செய்வாரு. ஒழுங்கா செய்வாரு."

"சரி. இதுல கொண்டுவர்றவர்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல எழுதியிருக்கறதை அடிச்சிடுங்க."

"யாருன்னு போடட்டும்?"

"தெரியல. பிறகு சொல்றேன்."

பல் டாக்டருக்கு என்ன சொல்வது, மகளின் பணத்துக்கு என்ன வழி என்று முக்காலின் தலை தன் பழக்கத்தில் ஓடத்தான் செய்தது. பணத்தை நான் தருகிறேன் என்று சொல்லலாம். அந்தச் சொல்லை வாய் வரைக்கும் கொண்டுவந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும், அது எந்த விலையிலும் போணியாகாத சரக்கு என்று தெரிந்து விழுங்கினான்.

அக்கா ஹாண்டிலைப் பிடித்தாள். அந்த வண்டியை அவள் அதுவரை தொட்டுத் துடைத்ததுகூடக் கிடையாது. ஸ்டாண்டை எடுக்க முக்கால் குனிந்தான்.

"விடு" என்றாள்.

ஒரே உந்தலில் ஸ்டாண்டிலிருந்து வண்டி இறங்கியது. இடது பக்கமாக நின்று தள்ளினாள். முக்கால் வேர்க்க வேர்க்கத் தள்ளிவந்த நூற்றெழுபது கிலோ, மறுபக்கம் இன்னொரு ஆள் கை கொடுப்பதுபோல், சத்தமில்லாமல் உருண்டது. வாசலில் ஒரு மேடு உண்டு. ஆண்களே அங்கே நின்று மூச்சு வாங்குவார்கள். அவள் நிற்கவில்லை. நடந்துகொண்டே தலையை லேசாக வலப் பக்கம் சாய்த்து, யாரோ தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்பதுபோல் இருந்தாள். பிறகு அதற்கு ஏதோ பதிலும் சொன்னாள். தெரு அவளை மறைத்துக்கொண்டது.

சிவப்பு மை நகலைக் கிழித்து அவன் கையில் வைத்தாள். கணக்குப் படித்தே வளர்ந்தவன், நின்ற இடத்திலேயே படித்தான்.

சோதித்தவை இருபத்திரண்டு. தேறியவை இருபது. தேறாதவை இரண்டு: பிரேக் விளக்கு, பதிவில் இல்லாத மாற்றம். மாற்றம் செய்தவர் என்ற இடத்தில் ரசீதுப் புத்தகத்தில் மட்டும் இருந்த பெயர், முழுசாக. மறுசோதனைக்குத் தவணை முப்பது நாள். வண்டியைக் கொண்டுவருபவர், உறவு: 'தம்பி' என்பதன் மேல் ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் வெற்றிடம்.